மே வெயிலில் தனுஷ்கோடிக்கு பைக்: இன்ஜின் சூடு பற்றிக் கேட்டவருக்கு

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். மே மாதக் கடைசியில் மதுரையிலிருந்து பரமக்குடி, ராமநாதபுரம், பாம்பன் வழியாகத் தனுஷ்கோடி. திரும்பும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏர்வாடி, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி. உங்களுடையது ஏர் கூலிங் 350 சிசி புல்லட், பின்னால் மனைவி, கூடவே பைகள். நண்பருடையது ரேடியேட்டர் வைத்த 400 சிசி. போன வாரம் ஒரு மதியம் ஓட்டிப் பார்த்ததில் தொடை வெந்துவிட்டது, அதனால் பயம் வந்திருக்கிறது. ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்த வேண்டுமா, நின்றதும் தண்ணீர் ஊற்றலாமா, கெட்டியான ஆயில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இவ்வளவு சுடுகிறதே, இன்ஜின் போய்விடுமா? ராமநாதபுரத்தில் டூவீலர் பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஒழுங்காகப் பராமரித்த வண்டி இந்த ரூட்டில் சூட்டால் போகாது. கால் சுடுவது ஒரு கணக்கு, இன்ஜின் கெடுவது வேறு கணக்கு. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதி பயம் போய்விடும்.

பெட்ரோல் எரிந்து வரும் சக்தியில் கால் பங்கோ, கொஞ்சம் கூடவோதான் சக்கரத்துக்குப் போகிறது. மிச்சமெல்லாம் சூடு. அதில் ஏறக்குறைய பாதி சைலன்சர் வழியாகப் போய்விடும். மீதி சிலிண்டர், ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி), ஆயில் வழியாக வெளியே வந்து காற்றில் கலக்க வேண்டும். உங்கள் தொடையில் படுவது அப்படி வெளியேறிக்கொண்டிருக்கும் சூடுதான். போதாததற்கு, 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. அது வேலை செய்யவே பல நூறு டிகிரி சூடு வேண்டும் என்பதால் பெரும்பாலும் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். பழைய வண்டியில் இருந்து புதிதுக்கு மாறியவர்கள் எல்லோரும் "இது ரொம்ப சுடுதே" என்று வருவதற்கு இது ஒரு காரணம். அதனால் இன்ஜினுக்குக் கெடுதல் இல்லை. வெளியே போக வேண்டிய சூடு போக முடியாமல் உள்ளே தங்கும்போதுதான் கெடுதல் ஆரம்பிக்கும்.

ஐம்பது கிலோமீட்டர் கணக்கு, பழைய இரும்பு சிலிண்டர் புல்லட் ஓட்டியவர்களிடம் இருந்து வந்த பழக்கமாகத்தான் இருக்க வேண்டும். இன்றைய அலுமினிய இன்ஜினுக்கு அது தேவையில்லை. ஒரே வேகத்தில் ஓடும் இன்ஜின் இருபது, முப்பது நிமிடத்தில் ஒரு சூட்டுக்கு வந்து அங்கேயே நின்றுவிடும். உண்டாகும் சூடும் காற்று எடுத்துப்போகும் சூடும் சமமாகிவிடுவதால் அதற்கு மேல் ஏறுவதில்லை. மானாமதுரை தாண்டும்போது என்ன சூடோ, அதே வேகத்தில் வந்தால் ராமநாதபுரத்திலும் ஏறக்குறைய அதேதான். ஏர் கூலிங் வண்டியில் ஹெட் 150 முதல் 200 டிகிரி வரை, ஆயில் 100 முதல் 120 வரை போவது கோடையில் சாதாரணம். கையை வைத்தால் பொரிந்துவிடும் என்பது உண்மை, ஆனால் அந்தச் சூட்டுக்காகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். மணிக்கு ஒருமுறை நிறுத்துங்கள், தாராளமாக நிறுத்துங்கள். அது உங்களுக்கும் உங்கள் வீட்டம்மாவுக்கும் வேண்டிய ஓய்வு. வண்டி கேட்கவில்லை.

இன்ஜின் உண்மையில் கண்டுகொள்வது இரண்டு விஷயம்: நீங்கள் கேட்கும் வேகம், அதன் மேல் படும் காற்று. வெயில் அதற்கு அப்புறம்தான். காற்றைப் பிளந்து போகத் தேவைப்படும் சக்தி வேகத்தின் கனமாக (வேகத்தை மூன்று முறை பெருக்கிய கணக்கில்) ஏறும். 80-ல் இருந்து 100-க்குப் போனால் வேகம் கூடுவது கால் பங்கு, காற்றுக்காகச் செலவாகும் சக்தியோ கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஆனால் ஃபின்கள் (சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் தகடுகள்) வெளியே விடும் சூடு அந்த அளவுக்குக் கூடாது, பதினைந்து இருபது சதவீதம் கூடினாலே பெரிது. அதனால்தான் ஆள், பை எல்லாம் ஏற்றிய 350-ஐ நான்குவழிச் சாலை காலியாக இருக்கிறதே என்று நூறில் பிடித்து வைத்திருந்தால் இன்ஜின் திணறுகிறது. 75, 80-ல் வந்தால் நாள் முழுக்க ஓடும். இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. புல்லட்காரர்கள் பலர் டாப் கியரிலேயே 40-க்கு வந்து, அங்கிருந்து ஆக்சிலரேட்டரை முறுக்கி இழுப்பார்கள். சத்தம் கம்பீரமாக இருக்கும், உள்ளே தட்டல் (நாக்கிங், பெட்ரோல் தாறுமாறாக எரியும் சத்தம்) விழும். கியரைக் குறைத்துவிட்டு இழுங்கள்.

அடுத்து காற்று. எங்கள் பக்கம் இது தனிக் கதை, வெளியூர்க்காரர்கள் யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. மே கடைசி வாக்கில் கச்சான் எழும்பிவிடும். மீனவர்கள் தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்றை அப்படித்தான் சொல்வார்கள். ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம் போகும் சாலை கிழக்கே போகிறது. ஆக, காற்று பெரும்பாலும் உங்கள் முதுகில். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று பின்னால் இருந்து தள்ள, நீங்கள் 70-ல் போனால் ஃபின் மேல் படுவது 40 கிலோமீட்டர் காற்றுதான். இன்ஜினுக்கு வேலையும் குறைந்துவிடுவதால் அதில் பிரச்சினை இல்லை. ஆனால் அதே காற்றில் கூட்டத்தோடு கூட்டமாக 25-ல் ஊர்ந்தால் ஃபின் மேல் காற்றே படாது. கடற்கரைக் காற்று ஜிலுஜிலுவென்று முதுகில் அடிக்கிறது என்று நீங்கள் சந்தோஷமாக உட்கார்ந்திருப்பீர்கள், இன்ஜினைச் சுற்றி அதே சூடான காற்று கூடவே நகர்ந்துகொண்டிருக்கும். திரும்பும் வழி இதற்குத் தலைகீழ். ஏர்வாடி, சாயல்குடி வழியாகத் தென்மேற்கே போகும்போது காற்று முகத்தில். 80-ல் போனால் 110 கிலோமீட்டர் காற்றை எதிர்ப்பதாக அர்த்தம், எதிர்ப்பு விசை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. குளிர்ச்சியும் கூடக் கிடைக்கும், சரி, ஆனால் அந்த வேலைக்கு ஈடாகாது. அந்தப் பகுதியில் 65, 70 போதும். மைலேஜ் விழுகிறதே என்று பயப்பட வேண்டாம், காற்று எதிர்த்தால் விழத்தான் செய்யும்.

தட்பவெப்பம் பற்றி ஒரு வார்த்தை. மே மாதத்தில் மதுரை 40-ஐத் தொடும் நாளில் பாம்பன் 35-க்குப் பக்கத்தில்தான் இருக்கும், கடல் இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். 150 டிகிரியில் இருக்கும் ஃபினுக்கு இந்த ஐந்து டிகிரி பெரிய விஷயமே இல்லை. 95 டிகிரியில் ஓடும் ரேடியேட்டருக்குச் சற்றுக் கூடுதல் வித்தியாசம், அதுவும் பத்து சதவீதத்துக்குள். கடற்கரையின் புழுக்கம் இன்ஜினைத் தொடாது, அதற்கு வியர்ப்பதில்லை. புழுக்கம் முழுக்க உங்களுக்கு.

அப்படியானால் இந்த ரூட்டில் எங்கேதான் சூடு பிரச்சினையாகும்? நிற்கும் இடத்தில். பள்ளி விடுமுறையில் பாம்பன் சாலைப் பாலத்தில் பாதிப் பேர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கடலையும் ரயில் பாலத்தையும் பார்ப்பார்கள். 2025 ஏப்ரலில் புதுத் தூக்குப் பாலம் திறந்த பிறகு அதைப் பார்க்கவும் கூட்டம் சேர்ந்துகொண்டது. ராமேஸ்வரத்துக்குள் அக்னி தீர்த்தம் பக்கம் போகும் தெருக்கள் குறுகல். அமாவாசை நாளாக இருந்தால் கேட்கவே வேண்டாம். கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டே ஊர்வது கிளட்ச் பிளேட்டையும் ஆயிலையும் சேர்த்துச் சூடாக்கும். ஒரு நிமிடத்துக்கு மேல் நகராது என்று தெரிந்தால் அணைத்துவிடுங்கள். ஏர் கூலிங் வண்டியை நிற்க வைத்து ஐடிலில் ஓட விட்டால் அது குளிராது, ஏறத்தான் செய்யும். நண்பரின் வண்டிக்கு மட்டும் வேறு வழி: ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் அது நிற்கும்வரை விட்டு அணைக்கலாம். நீண்ட ஓட்டம் முடிந்து நிறுத்தும்போது இரண்டு பேருமே கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக, ஆக்சிலரேட்டர் அதிகம் கொடுக்காமல் வந்து நிறுத்துங்கள். அணைத்த பிறகு "டிக் டிக்" என்று சத்தம் வந்தால் அது உலோகம் சுருங்கும் சத்தம். அதைக் கேட்டுத்தான் நிறையப் பேர் பதறுகிறார்கள்.

தண்ணீர் ஊற்றுவது வேண்டவே வேண்டாம். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும் என்று பார்த்திருப்பீர்கள். ஹெட் ஒருபக்கம் சடாரென்று சுருங்கி, மறுபக்கம் விரிந்தபடியே இருந்தால் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு) இருக்கும் இடம் இழுபடும், போல்ட் இழுபடும். ஒவ்வொரு முறையும் விரிசல் விழும் என்று சொல்ல மாட்டேன், மழையில் ஓடும் வண்டியும் நனையத்தான் செய்கிறது. ஆனால் மழை ஓடுகிற வண்டியில் பரவலாகப் படுகிறது, பக்கெட் தண்ணீர் நிற்கிற வண்டியில் ஒரே இடத்தில் விழுகிறது. இதில் லாபமும் இல்லை, பத்து நிமிடம் நிழலில் நிறுத்தினால் அதே குளிர்ச்சி. இன்னொன்று, இந்தப் பக்கத்துப் போர் தண்ணீர் பல ஊர்களில் உப்பு. சூடான ஃபினில் ஊற்றினால் தண்ணீர் ஆவியாகிப் போய் உப்பு அங்கேயே தங்கும். அலுமினியத்தில் வெள்ளை பூத்திருப்பதைப் பார்த்தால் தெரியும்.

ரேடியேட்டர் வண்டிக்கு இதே உப்புதான் பெரிய எதிரி. கூலன்ட் (ரேடியேட்டரில் ஓடும் திரவம்) ரிசர்வ் டேங்க்கில் வண்டி ஆறியிருக்கும்போது அளவு பாருங்கள், இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். டாப் அப் செய்வதானால் கம்பெனி சொன்ன கூலன்ட். அது கிடைக்காவிட்டால் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர். நடு ரோட்டில் அதுவும் இல்லையென்றால் கடையில் வாங்கும் குடிநீர் பாட்டில் ஆபத்துக்கு உதவும், ஊர் திரும்பியதும் மாற்றிவிட வேண்டும். டீக்கடை வாளித் தண்ணீரை ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து குழாய் அடைக்கும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய், கொதித்து முகத்தில் அடிக்கும். கிளம்பும் முன் இன்னொரு சோதனை: வீட்டு வாசலில் வண்டியை ஓட விட்டு, ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் 100 டிகிரி வாக்கில் சுற்றும். சுற்றாவிட்டால் முதலில் ஃபியூஸ், அப்புறம் ஃபேனுக்குப் போகும் கனெக்டர். கடலோரத்தில் ஓடும் வண்டிகளில் அந்தக் கனெக்டர் உள்ளே பச்சை பிடித்திருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். சுத்தம் செய்தாலே ஃபேன் ஓடிவிடும்.

ஆயில் விஷயத்துக்கு வருகிறேன். "கோடைக்குக் கெட்டி ஆயில்" என்று கேட்டு வருகிறவர்களிடம் டின்னில் எழுதியிருப்பதைத்தான் காட்டுவேன். 15டபிள்யூ50 என்றால் முதல் எண் ஆறியிருக்கும்போது எப்படி ஓடும் என்பது, இரண்டாவது எண் 100 டிகிரியில் எவ்வளவு கெட்டி என்பது. இதை மாற்றி 20டபிள்யூ50 போட்டால் சூட்டில் இரண்டும் ஒரே 50-தான். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கொஞ்சம் மந்தமாக ஓடும், அவ்வளவுதான் கிடைத்த மாற்றம். மேனுவலில் சொன்ன கிரேடையே போடுங்கள், ஜாசோ எம்ஏ2 (கிளட்ச் ஆயிலில் நனையும் பைக்குகளுக்கான தரக்குறி) என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைவு என்று கார் ஆயில் போட்டால் கிளட்ச் வழுக்கலாம், அந்த வழுக்கலே புதுச் சூடு. ஃபுல்லி சிந்தட்டிக் ஆயில் சூட்டில் சீக்கிரம் கெடாது என்பது நிச்சயம். அது இன்ஜின் சூட்டைக் கையில் தெரிகிற அளவுக்குக் குறைக்கும் என்பதை நான் நம்புவதில்லை. கிரேடைவிட முக்கியம் அளவு. ஏர் கூலிங் வண்டியில் ஆயிலும் ஒரு கூலன்ட்தான். அரை லிட்டர் குறைந்திருந்தால் மிச்ச ஆயில் அந்தச் சூடு முழுவதையும் சுமக்க வேண்டும். தினமும் காலையில் வண்டியை நிமிர்த்தி, சமதரையில் வைத்து, மேனுவல் சொல்கிற முறையில் பாருங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்த்துப் பார்த்துவிட்டு ஆயில் இல்லை என்று மேலும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்ஜின் உண்மையாகவே அளவுக்கு மீறிச் சூடானால் அது சொல்லும். ஏற்றத்திலோ ஓவர்டேக்கிலோ முறுக்கும்போது உள்ளே சில்லறை குலுக்குவதுபோல் தட்டல் கேட்கும். இழுவை குறையும். கியர் விழ அடம் பிடிக்கும், குறிப்பாக நின்றபடி நியூட்ரல் கிடைக்காது. ஐடில் தடுமாறும், சில சமயம் அணைந்துபோகும். ஆயில் கருகும் வாடை வரும். நியூட்ரல் மட்டும் சிக்கினால் அது வெறும் கிளட்ச் கேபிளாகவும் இருக்கலாம். தட்டலும் இழுவைக் குறைவும் சேர்ந்து வந்தால் சந்தேகமே இல்லை, ஓரம் கட்டி அணையுங்கள், அரை மணி நேரம் விடுங்கள். ஆயில் விளக்கோ டெம்பரேச்சர் விளக்கோ எரிந்தால் "அடுத்த ஊர் வந்துவிடும்" என்று ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். சைலன்சர் பைப் நீலமாக மாறுவது மட்டும் தனியாக எதையும் சொல்லாது.

லக்கேஜ் கட்டும் விதத்தில் நிறையப் பேர் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறார்கள். லெக் கார்டில் இரண்டு பக்கமும் பை, அதன் மேல் தண்ணீர் கேன், நடுவில் க்ளப் பேனர். இன்ஜினுக்கு முன்னால் சுவர் எழுப்பியாகிவிட்டது, காற்று எப்படி வரும்? பைகள் எல்லாம் பின்னால் போகட்டும். செயின் இறுக்கம், பிரேக் பிடித்தபடி உரசுகிறதா, டயரில் ரெண்டு பேருக்கான காற்று, இவை இன்ஜினைத் தேவையில்லாமல் இழுக்க வைப்பவை. டேப்பெட் இடைவெளி (வால்வைத் தள்ளும் பாகத்துக்கும் வால்வுக்கும் உள்ள சிறு இடைவெளி) மேனுவல் அளவைவிட இறுக்கமாக இருந்தால் வால்வு சரியாக மூடாமல் எரிந்துபோகும், அதனால் "சத்தம் வராமல் டைட்டாக வையுங்கள்" என்று மெக்கானிக்கிடம் கேட்காதீர்கள்.

கடையில் விற்கும் மற்ற வகையறாக்கள்: ஆயிலில் ஊற்றும் மருந்து எதையும் நான் சிபாரிசு செய்வதில்லை, ஊற்றியதால் குளிர்ந்த வண்டியை நான் பார்த்ததில்லை. சைலன்சர் பைப்பில் சுற்றும் துணி காலுக்குப் படும் அனலைக் குறைக்கும், அது உண்மை. ஆனால் கடலோரத்தில் உப்பீரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு பைப்பைத் துருவாக்கும், இங்கே வசிக்கிறவர்களுக்கு நான் சுற்றித் தருவதில்லை. காற்றோடு கலக்கும் பெட்ரோல் அளவைக் கூட்டும் பெட்டி கொஞ்சம் சூட்டைக் குறைக்கலாம், மைலேஜும் புகை அளவும் கெடும், வாரண்டிக்கும் சிக்கல். 95 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் தட்டல் இருக்கும் வண்டியில் பலன் தெரியலாம், தட்டல் இல்லாத வண்டியில் பணம்தான் எரியும்.

தொடைக்கு மருந்து உடைதான். தடித்த காட்டன் பேன்ட், முடிந்தால் முழங்காலுக்கு மேல் வரை உள்ளே பட்டை வைத்த ரைடிங் பேன்ட். ஷார்ட்ஸ் வேண்டாம். மனைவி இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால் வலது கெண்டைக்கால் சைலன்சருக்குப் பக்கத்தில் இருக்கும். லெக்கிங்ஸ் வகைத் துணி பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும், கவனம். மதியம் 11 முதல் 3:30 வரை ரோட்டில் இருக்காதபடி பிளான் போடுங்கள். கத்திரி முடியாத நாளாக இருந்தால் கட்டாயம். கடற்காற்றில் வெயில் தெரியாது, வியர்வையும் காயாது, அதனால் உடம்பு குளிராது. தலைவலி, குமட்டல், எதிரே வரும் வண்டியைக் கண்டுகொள்ளத் தாமதம் என்று வந்தால் அன்றைய ஓட்டம் முடிந்தது. உப்பு போட்ட மோர், ஓஆர்எஸ் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் பனங்காட்டுப் பக்கம் பதநீரும் நுங்கும் அந்தச் சீசனில் கிடைக்கும்.

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை (நிலம் முடியும் முனை) போகும் கடைசிச் சாலையில் கச்சான் உங்களுக்கு வலதுபக்கம், மன்னார் வளைகுடாவில் இருந்து அடிக்கும். மணலும் உப்புத் துளியும் சேர்ந்து வரும். சாலையில் படர்ந்திருக்கும் மணலில் பிரேக் பிடிக்காதீர்கள், அது வேறு ஆபத்து. திரும்பி வந்து வண்டி நன்றாக ஆறிய பிறகு, ரேடியேட்டரையும் ஃபின்களையும் நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை ரேடியேட்டருக்கு நேராகக் கிட்டத்தில் பிடித்தால் அதன் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும், காற்று போகும் வழி அடைபடும். ஏர் ஃபில்டரைக் கழற்றி மணல் இருக்கிறதா பாருங்கள். செயினுக்கு உடனே லூப் (செயின் எண்ணெய்) அடியுங்கள்.

இதெல்லாம் நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு. உங்கள் வண்டியை நேரில் பார்க்காமல் அது நல்ல நிலையில் இருக்கிறது என்று நான் சொல்ல முடியாது. முன்பு இல்லாத சூடு திடீரென்று இந்த மாதம்தான் வந்தது என்றால், ஒருபக்கத் தொடை மட்டும் அதிகம் சுடுகிறது என்றால், சைலன்சர் சேரும் இடத்தில் புகை கசிகிறதா, இன்டேக் பக்கம் காற்று கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக் வெள்ளையாக வெளுத்திருந்தாலும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். சர்வீஸைக் கிளம்புவதற்கு முந்தின நாள் விடாமல் ஒரு வாரம் முன்பே விட்டு, இரண்டு பேரும் உட்கார்ந்து, பைகளும் கட்டி, மானாமதுரை வரை ஒருமுறை போய் வாருங்கள். புதிதாக ஆயில் கசிந்தாலும் டேப்பெட் சரியாக அமையாவிட்டாலும் அதில் தெரிந்துவிடும், சரிசெய்ய நாளும் இருக்கும்.